டைமர் அடிக்கும்போது ப்ரோக்ராம் ஏன் விழுது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தி வந்திருக்கு. நெட்வொர்க்ல மெசேஜ் அனுப்பற லைப்ரரி, அதுக்குள்ள ஓடற டைமர், என்னைக்கோ ஒரு நாள் திடீர்னு க்ராஷ். அதனால இந்தத் தடவை மத்ததை ஒதுக்கி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: வணக்கம் சார். ஸ்பின்னிங் மில்லுக்கு மெஷின் டேட்டா கலெக்ட் பண்ற சாஃப்ட்வேர் எழுதறேன். சி பிளஸ் பிளஸ்தான், மெசேஜ் அனுப்ப ஜீரோஎம்க்யூ, லினக்ஸோட வந்த பழைய வெர்ஷன். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை 'அசர்ஷன் ஃபெயில்ட், ஃபால்ஸ்'னு ஒரு வரி போட்டுட்டு ப்ரோக்ராம் அப்படியே நின்னுடுது, ஃபைல் பேர் போலர் பேஸ்னு காட்டுது. மில்லுல நெட்வொர்க் சுவிட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அன்னைக்கு கண்டிப்பா வரும். என் கோடு சிம்பிள்தான் சார், டேட்டா அனுப்ப ஒரு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா, கூடவே ஓடற ஓட்டம்), 'நான் இருக்கேன்'னு 5 செகண்டுக்கு ஒரு தடவை அதே சாக்கெட்ல சொல்ல இன்னொரு த்ரெட். அந்த அசர்ட் வரியை எடுத்துட்டு லைப்ரரியை நானே பில்ட் பண்ணிக்கட்டுமா? – கோவை வாசகர்

பதில்: எடுக்காதீங்க. தயவுசெஞ்சு எடுக்காதீங்க. அசர்ட்ங்கறது 'இது நடக்கவே கூடாது'ன்னு எழுதி வெச்ச ஒரு சோதனை, நடந்துட்டா ப்ரோக்ராமை அங்கயே நிறுத்திடும். ஏன் எடுக்கக் கூடாதுன்னு புரியணும்னா அந்த வரி எங்க உக்காந்திருக்குன்னு பார்க்கணும்.

ஜீரோஎம்க்யூ உள்ள ஐஓ த்ரெட்னு ஒன்னு ஓடும், நீங்க சாக்கெட்ல போடற மெசேஜை நெட்வொர்க்ல தள்றது, விட்டுப்போன கனெக்ஷனை மறுபடி பிடிக்கறது எல்லாம் அது வேலை. அந்த த்ரெட்டுக்குள்ள ஒரு டைமர் பட்டியல் இருக்கு, எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடணும், என்ன நம்பர் சொல்லிக் கூப்பிடணும்னு நேர வரிசைல எழுதி வெச்ச பட்டியல். கனெக்ஷன் அறுந்தா மறுபடி முயற்சி பண்ண ஒரு டைமர் (மாத்தாம விட்டா 100 மில்லிசெகண்ட்), எதிர்ல இருக்கறவன் கைகுலுக்கி முடிக்கறானான்னு பார்க்க ஒரு டைமர் (30 செகண்ட்), ஹார்ட்பீட் ('உயிரோட இருக்கேன்'னு அப்பப்போ போற மெசேஜ்) வெச்சிருந்தா அதுக்கு ஒன்னு, மூடும்போது மிச்ச மெசேஜுக்காகக் காத்திருக்க ஒன்னு. சுவிட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ற அன்னைக்கு மட்டும் கண்டிப்பா வருதுன்னு சொன்னீங்களே, காரணம் இதுதான், அன்னைக்குத்தான் இந்த டைமரெல்லாம் கொத்துக்கொத்தா போடப்பட்டு கொத்துக்கொத்தா கேன்சல் ஆகுது, மத்த நாள்ல அந்தக் கோடு பக்கம் போறது குறைவு.

இப்போ கேன்சல் பண்ற ஃபங்ஷன் என்ன பண்ணுதுன்னா, பட்டியலை முதல்ல இருந்து ஒவ்வொன்னா தேடிட்டு வருது, கிடைச்சா அழிச்சுடுது. கடைசி வரைக்கும் தேடியும் கிடைக்கலைன்னா? பழைய வெர்ஷன்கள்ல அந்த இடத்துலதான் 'அசர்ட் ஃபால்ஸ்' இருந்துச்சு. அதாவது யாரோ ஒருத்தர் 'நான் போட்ட டைமரை எடுத்துடு'ங்கறாங்க, பட்டியல்ல அப்படி ஒன்னே இல்லை. ஒன்னு, அது ஏற்கனவே அடிச்சு முடிஞ்சிருக்கணும், போட்டவங்க தன் குறிப்புல அதை மாத்தலை. இல்லை, ரெண்டு தடவை கேன்சல் பண்ணியிருக்கணும். இல்லை, கேக்கறவங்களோட மெமரியே கெட்டுப்போயிருக்கணும். மூணுல எதுவா இருந்தாலும் கணக்கு உதைக்குதுன்னு லைப்ரரி உங்களுக்கு உடனே சொல்லுது, அதுவும் தப்பு நடந்த இடத்துக்குப் பக்கத்துலயே. அந்த வரியை எடுத்தா கணக்கு சரியாயிடாது, சொல்ற வாய் மட்டும் மூடிடும், அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு சம்பந்தமே இல்லாத இடத்துல செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால வர்ற க்ராஷ்) வரும், அதை வெச்சுட்டு ஒன்னுமே கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் பழைய கோட்ல இருந்துச்சு, இது லைப்ரரி பக்கத் தப்பு, மறைக்க வேண்டியதில்லை. நேரம் வந்த டைமரை ஓட்டும்போது முதல்ல கூப்பிட வேண்டியவரைக் கூப்பிட்டுட்டு, அவர் வேலை முடிஞ்சு திரும்பி வந்த அப்புறம்தான் பட்டியல்ல இருந்து அழிப்பாங்க. கூப்பிட்ட இடத்துல அவர் அதே டைமரையே கேன்சல் பண்ணிட்டார்னா, திரும்பி வரும்போது கைல வெச்சிருந்த இடக்குறி செத்துப்போயிருக்கும், அதைப் பிடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா எங்க போய் விழும்னே சொல்ல முடியாது. பின்னாடி வந்த கோட்ல வரிசையை மாத்திட்டாங்க: டைமரோட விவரத்தை ஒரு காப்பி எடு, பட்டியல்ல இருந்து அழி, அதுக்கப்புறம் கூப்பிடு, திரும்பி வந்ததும் மறுபடி பட்டியலோட ஆரம்பத்துல இருந்தே பாரு. நீங்களே என்னைக்காவது டைமர் பட்டியல் எழுதினா இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கோங்க. கால்பேக் (நேரம் வந்ததும் கூப்பிடற ஃபங்ஷன்) உள்ள போனவன் பட்டியலை என்ன வேணா பண்ணுவான்னு நினைச்சுட்டுத்தான் எழுதணும்.

அதனால முதல் வேலை, லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாத்துங்க. ஆனா அதோட விட்டுடாதீங்க, உங்க கேள்விலயே பெரிய தப்பு ஒன்னு ஒளிஞ்சிருக்கு. ரெண்டு த்ரெட், ஒரே சாக்கெட்! ஜீரோஎம்க்யூ கான்டெக்ஸ்ட்டை (சாக்கெட் எல்லாத்தையும் தாங்கற அடிப்படை அமைப்பு) எத்தனை த்ரெட் வேணா பகிர்ந்துக்கலாம், ஆனா நீங்க பயன்படுத்தற மாதிரி வழக்கமான சாக்கெட் ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டுக்குத்தான் சொந்தம், இது அவங்க ஆவணத்துலயே தெளிவா சொல்லியிருக்கு. உங்க ரெண்டு த்ரெட்டும் ஒரே நேரத்துல அனுப்பும்போது உள்ள இருக்கற க்யூ, ஐஓ த்ரெட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல போற கமாண்ட் எல்லாம் ஒன்னு மேல ஒன்னு எழுதப்படும், அது எப்போ எந்த அசர்ட்ல வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்னு சொல்வாங்களே அந்த மாதிரி டைமர் மேல பழி விழும். உயிரோட இருக்கேன்னு சொல்ற த்ரெட்டுக்கு இன்ப்ராக்ல (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள த்ரெட்டுகள் பேசிக்கற வழி) ஒரு தனி சாக்கெட் குடுங்க, அது மெயின் த்ரெட்டுக்குச் சொல்லட்டும், மெயின் த்ரெட் மட்டும் வெளியே அனுப்பட்டும். இன்னும் சுலபமான வழி, அந்த த்ரெட்டையே தூக்கிடுங்க, 4.2-ல இருந்து ஹார்ட்பீட் இடைவெளி சாக்கெட் ஆப்ஷனாவே இருக்கு, ரெண்டு பக்கமும் அந்த வெர்ஷன் இருந்தா லைப்ரரியே பார்த்துக்கும்.

கேள்வி: அண்ணா, நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். லிப்யூவி (நெட்வொர்க், டைமர் வேலையை ஒரு லூப்ல ஓட்டற லைப்ரரி) வெச்சு ஒரு சின்ன சாட் சர்வர் எழுதினேன். ஒவ்வொரு கனெக்ஷன் ஸ்ட்ரக்ட்டுக்கு உள்ளயே ஒரு டைமரும் வெச்சிருக்கேன், 60 செகண்ட் சும்மா இருந்தா கட் பண்ண. கட் பண்ணும்போது டைமர் ஸ்டாப் கூப்பிட்டுட்டுத்தான் ஃப்ரீ பண்றேன், ஆனாலும் அடுத்த ஆள் கனெக்ட் ஆகும்போது க்ராஷ். ஸ்டாப் பண்ணின டைமர் எப்படிண்ணா அடிக்கும்? – திருச்சி

பதில்: அடிக்கலை தம்பி. உன் டைமர் அடிக்கவே இல்லை, நீ டைமரைச் சந்தேகப்படறதுலதான் நாள் போகுது.

லிப்யூவில ஒரு டைமர் ஹேண்டில் ரெண்டு இடத்துல கட்டப்பட்டிருக்கு. ஒன்னு, எது முதல்ல அடிக்கணும்னு பார்க்கற ஹீப். இன்னொன்னு, இந்த லூப்புக்குச் சொந்தமான ஹேண்டில் எல்லாத்தையும் கோத்து வெச்சிருக்கற சங்கிலி. ஸ்டாப் கூப்பிட்டா ஹீப்ல இருந்து மட்டும் கழண்டுக்கும், சங்கிலில அப்படியேதான் இருக்கும். அந்தச் சங்கிலியோட கண்ணியே உன் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளதான் இருக்கு, தனியா எங்கயும் மெமரி எடுக்கறது இல்லை. நீ ஃப்ரீ பண்ணிட்டே, அடுத்த ஆள் கனெக்ட் ஆகும்போது புது ஹேண்டிலைச் சங்கிலில கோக்கறதுக்காக லைப்ரரி பக்கத்துக் கண்ணில எழுதப் போகுது, அது நீ ஃப்ரீ பண்ணின இடம். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவர் பால்காரர்கிட்ட சொல்லாமப் போன கதை, அவர் விடியக்காலைல வந்து தட்டறார், உள்ள வேற குடும்பம் இருக்கு.

கழட்டற வேலையை யூவி க்ளோஸ்தான் பண்ணும், அதுவும் கூப்பிட்ட உடனே முடிஞ்சுடாது, லூப்போட கடைசிக் கட்டத்துலதான் முடிஞ்சு உன் க்ளோஸ் கால்பேக்கைக் கூப்பிடும். அந்தக் கால்பேக் வந்த அப்புறம்தான் ஃப்ரீ. உன் ஸ்ட்ரக்ட்டுல சாக்கெட், டைமர்னு ரெண்டு ஹேண்டில் இருக்கு, அதனால ரெண்டையும் க்ளோஸ் பண்ணு, உள்ள ஒரு எண்ணிக்கை வெச்சுக்கோ, ரெண்டாவது கால்பேக் வரும்போது ஃப்ரீ பண்ணு. முதல் கால்பேக்லயே ஃப்ரீ பண்றதுதான் அடுத்து நீ பண்ணப் போற தப்பு, நானும் பண்ணியிருக்கேன், அதான் இப்பவே சொல்லிட்டேன். சர்வரை மூடும்போது லூப் க்ளோஸ் 'பிஸி'ன்னு எரர் குடுத்தா எங்கயோ ஒரு ஹேண்டில் இன்னும் மூடலைன்னு அர்த்தம், வாக் ஃபங்ஷன் வெச்சு எதுன்னு பார்த்துடு.

கேள்வி: பூஸ்ட் ஏசியோல (சி பிளஸ் பிளஸ் நெட்வொர்க் லைப்ரரி) டைமரை கேன்சல் பண்ணிட்டேன், ஆனா ஹேண்ட்லர் (டைமர் கூப்பிடற என் ஃபங்ஷன்) எரர் இல்லாம ஓடுது. இது லைப்ரரியோட பக் (தப்பு) தானா?

பதில்: பக் இல்லை. கேன்சல் காத்துட்டு இருக்கறதை மட்டும்தான் நிறுத்தும், நேரம் முடிஞ்சு ஏற்கனவே ஓட வேண்டிய வரிசைல நின்னுட்டு இருக்கற ஹேண்ட்லரை அது தொடாது, அது வெற்றின்னுதான் வரும். ஹேண்ட்லருக்குள்ள வெறும் திஸ் பாயின்ட்டர் (அந்தப் பொருளோட முகவரி) வெச்சிருந்தீங்கன்னா அந்த ஒரு நொடிலதான் க்ராஷ். வீக் பாயின்ட்டர் (பொருள் இன்னும் உயிரோட இருக்கான்னு கேட்டுப் பார்க்கற பாயின்ட்டர்) குடுங்க, உள்ள வந்ததும் லாக் பண்ணிப் பாருங்க, ஆள் இல்லைன்னா திரும்பிடுங்க. ஒரே டைமரைத் திரும்பத் திரும்ப செட் பண்றீங்கன்னா ஒரு நம்பரும் வெச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவை செட் பண்ணும்போதும் ஒன்னு கூட்டி ஹேண்ட்லர்கிட்ட குடுத்து விடுங்க, வந்த நம்பர் இப்போ இருக்கற நம்பரோட ஒத்துப்போகலைன்னா பழைய மணி அடிக்குதுன்னு அர்த்தம்.

கேள்வி: சார், என் கம்ப்யூட்டர்ல எத்தனை நாள் ஓட்டினாலும் க்ராஷ் வரவே மாட்டேங்குது, கஸ்டமர் இடத்துல மட்டும் வருது. ஜிடிபில (தப்பைத் தேடற டீபக்கர்) போட்டு ஓட்டினா அங்கயும் வர மாட்டேங்குது. லாக் (என்ன நடக்குதுன்னு ஃபைல்ல எழுதற வரிகள்) சேர்த்தா அதுவும் நின்னுடுது. மூணு வாரமா தூக்கம் போச்சு. எப்படிப் பிடிக்கறது? – சென்னை வாசகி

பதில்: உங்க கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும்மா. ரெண்டு விஷயம் ஒரே மில்லிசெகண்ட்ல நடந்தாத்தான் வர்ற க்ராஷ் இது, ஜிடிபி போட்டாலோ லாக் போட்டாலோ அந்த நேரக் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போயிடுது, அதனால மறைஞ்சுக்குது. காத்திருந்து பிரயோஜனம் இல்லை, அந்த மோதலை நாமளே வரவழைக்கணும்.

நான் முதல்ல பண்றது ரொம்ப எளிசானது. ப்ரோக்ராம் ஓடிட்டு இருக்கும்போது கில் கமாண்ட்ல ஸ்டாப் சிக்னல் அனுப்புங்க, ப்ரோசஸ் அப்படியே உறைஞ்சுடும். உங்க டைம்அவுட் எல்லாம் தாண்டற அளவுக்கு விட்டுட்டு கன்ட்டின்யூ சிக்னல் அனுப்புங்க. உறைஞ்சிருந்த நேரத்துலயும் கடிகாரம் ஓடிட்டேதான் இருந்திருக்கு, அதனால எழுந்ததும் எல்லா டைமரும் ஒரே சுத்துல வரிசையா அடிக்கும், அதுக்குள்ள எதிர்ல இருக்கறவனும் சலிச்சுப்போய் கனெக்ஷனை மூடியிருப்பான், அந்த மூடின செய்தியும் அதே சுத்துல வந்து நிக்கும். மாசத்துல ஒரு தடவை நடக்கற மோதல் இப்போ ஒவ்வொரு தடவையும் நடக்கும். இதை ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டு ராத்திரி முழுக்க உறைய வெச்சு எழுப்பி, உறைய வெச்சு எழுப்பி ஓட விடுங்க. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல நாங்க வாரக்கணக்கா தேடின க்ராஷ் இப்படிப் பண்ணின முதல் நாளே வந்துச்சு, அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே, இன்னும் மறக்கலை. கஸ்டமர் இடத்துல மட்டும் வருதுன்னு சொல்றீங்களே, அங்க வெர்ச்சுவல் மெஷின்ல ஓடுதான்னு கேளுங்க, பேக்கப் எடுக்கும்போது மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கற வழக்கம் உண்டு, அதுவும் இதே விளைவுதான்.

அதோட கூடவே அட்ரஸ் சானிடைசரை (மெமரியைத் தப்பாத் தொட்டா உடனே சொல்ற சோதனைக் கருவி) ஆன் பண்ணி பில்ட் பண்ணுங்க. வேகம் ஏறத்தாழ பாதியாக் குறையும், தாங்கிக்கலாம். ஆனா உங்க கோடை மட்டும் இல்லாம மெசேஜ் லைப்ரரியையும் சேர்த்து அதே மாதிரி பில்ட் பண்ணணும், இல்லைன்னா லைப்ரரிக்குள்ள மெமரியைத் தப்பாப் படிக்கறது அதுக்குக் கண்ணுல படாது. டைமர் விஷயத்துல பலரும் கவனிக்காத ஒன்னு இருக்கு: ஃப்ரீ பண்ணின மெமரியை சானிடைசர் உடனே திருப்பித் தராம ஒரு தனி இடத்துல அடைச்சு வெச்சிருக்கும், அப்போதான் யாராவது அதைத் தொட்டா பிடிக்க முடியும். அந்த இடத்தோட அளவு சாதாரணமா 256 எம்பி. உங்க சர்வர் பிஸியா இருந்தா சில செகண்ட்லயே அது நிறைஞ்சு பழசெல்லாம் வெளிய போயிடும், 30 செகண்ட் டைமர் வந்து தொடும்போது அந்த மெமரி வேற யாருக்கோ போயிருக்கும், சானிடைசர் வாயே திறக்காது, நீங்களும் தப்பு இல்லை போலன்னு நினைச்சுப்பீங்க. அதனால அந்த அடைச்சு வெக்கற இடத்தோட (க்வாரன்டைன்) அளவைப் பெருசாக்குங்க, இல்லைன்னா டெஸ்ட்டுக்காக டைம்அவுட்டை 30 செகண்ட்ல இருந்து 50 மில்லிசெகண்டுக்கு இறக்குங்க. நான் ரெண்டையும் பண்ணுவேன்.

ரிப்போர்ட் வந்தா அதுல மூணு ஸ்டேக் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்கற பட்டியல்) இருக்கும்: எங்க தொட்டான், எங்க ஃப்ரீ ஆச்சு, எங்க முதல்ல மெமரி எடுத்தான். பலரும் முதல் ஸ்டேக்கைப் பார்த்துட்டு டைமர் கோட்லயே உக்காந்துடறாங்க. நீங்க ரெண்டாவதைப் படிங்க, ஃப்ரீ பண்ணினவர் டைமரை ஏன் கேன்சல் பண்ணாம விட்டார்னு அங்கதான் தெரியும், அது பெரும்பாலும் எரர் வந்தா மட்டும் போற ஒரு கிளையா இருக்கும்.

த்ரெட் சண்டைன்னு சந்தேகம் வந்தா த்ரெட் சானிடைசர், அதை இதோட சேர்த்து ஒரே பில்ட்ல போட முடியாது, தனியா பண்ணணும், 5-ல இருந்து 15 மடங்கு வரை மெதுவாகும். லினக்ஸ்னா மொசில்லாகாரங்க ஆரம்பிச்ச ஆர்ஆர்ங்கற டூலையும் கண்டிப்பா பாருங்க, ஓட்டத்தை அப்படியே பதிவு பண்ணி வெச்சுட்டு அப்புறம் முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிப் பார்க்கலாம். அதுல கேயாஸ்னு ஒரு மோடு, த்ரெட் ஓடற வரிசையை வேணும்னே கலைச்சு விடும். ஒரு தடவை க்ராஷ் பதிவாயிடுச்சுன்னா போதும், கெட்டுப்போன பாயின்ட்டர் மேல வாட்ச் வெச்சு பின்னோக்கி ஓட்டினா அதைக் கெடுத்தவன் வரில போய் நிக்கும்.

கேள்வி: ராத்திரி டைம் சின்க் ஆகும்போது எல்லா கனெக்ஷனும் ஒரே நேரத்துல டைம்அவுட் ஆகுது, சில சமயம் க்ராஷும் ஆகுது. டைமருக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? – யாழ்ப்பாணம்

பதில்: சம்பந்தமே இருக்கக் கூடாது, இருக்கறதுதான் பிரச்சனை. 'இன்னும் 5 செகண்ட் கழிச்சு'ங்கறதை எப்பவும் மோனோடானிக் கடிகாரத்துல அளக்கணும், அதை யாரும் முன்னயோ பின்னயோ திருப்ப முடியாது. உங்க கோட்ல எங்கயோ தேதி காட்டற கடிகாரத்தை எடுத்துக் கணக்கு போடறீங்க, சின்க் ஆகும்போது அது தாவுது, எல்லா டைமருக்கும் நேரம் போயிடுச்சுன்னு ஆகுது. நீங்க நேரா எழுதாட்டியும் உள்ள ஒளிஞ்சிருக்கலாம்: பித்ரெட் கண்டிஷன்ல (ஒரு த்ரெட் இன்னொன்னோட சைகைக்காகக் காத்திருக்கற ஏற்பாடு) டைம்டு வெய்ட் சும்மா விட்டா சுவர்க் கடிகாரம்தான், ஆட்ரிபியூட்ல மாத்தணும். சி பிளஸ் பிளஸ் கண்டிஷன் வேரியபிளோட வெய்ட் ஃபார் கூட ஜிசிசி கம்பைலர் 10-க்கு முன்னாடி உள்ள சுவர்க் கடிகாரத்தைத்தான் பயன்படுத்துச்சு.

லினக்ஸோட மையப் பகுதியான கர்னலே இதுல விழுந்திருக்கு. 2012 ஜூன் 30 ராத்திரி உலக நேரத்துல ஒரு லீப் செகண்ட் (பூமி சுழற்சியோட கடிகாரம் ஒத்துப்போக சேர்க்கற கூடுதல் செகண்ட்) சேர்த்தாங்க, நம்ம பக்கம் ஜூலை 1 காலைல அஞ்சரை மணி. லினக்ஸ் கர்னல்ல டைமர் பகுதிக்கு அந்த மாற்றம் சரியாப் போய்ச் சேரலை, ஒரு செகண்டுக்குக் கீழ வெச்ச டைம்அவுட் எல்லாம் காத்திருக்காம உடனே திரும்ப ஆரம்பிச்சுடுச்சு, ஜாவா, மைஎஸ்க்யூஎல் ஓடின சர்வர்கள்ல சிபியூ 100 சதவீதம், ரெட்டிட் தளமே படுத்துடுச்சு. அன்னைக்கு எல்லாரும் பண்ணின வைத்தியம், டேட் கமாண்ட்ல இப்போ இருக்கற நேரத்தையே மறுபடி செட் பண்றது.

மோனோடானிக் போட்டாலும் 32 பிட்ல மில்லிசெகண்டை வெச்சிருந்தீங்கன்னா 49.7 நாள்ல எண் சுத்தி பூஜ்ஜியத்துக்கு வந்துடும், விண்டோஸ் 95 தொங்கினது இதனாலதான். 64 பிட் வெச்சுக்கோங்க. முடியாதுன்னா ரெண்டு நேரத்தையும் நேரா ஒப்பிடாம கழிச்சுப் பார்த்து, வர்ற வித்தியாசம் ப்ளஸ்ஸா மைனஸான்னு பாருங்க. லினக்ஸ் கர்னல்ல இதுக்கு ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு, ஜிஃபிஸ்ங்கற எண்ணியை பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கறதே இல்லை, 32 பிட் மெஷின்ல பூட் ஆன 5 நிமிஷத்துலயே அது சுத்தி வர்ற மாதிரி வேணும்னே மைனஸ்ல ஆரம்பிக்கறாங்க, தப்பா எழுதின டிரைவர் 50 நாள் காத்திருக்காம அப்பவே மாட்டிக்கும். உங்க டெஸ்ட்லயும் இதே மாதிரி எண்ணியை விளிம்புக்குப் பக்கத்துல வெச்சு ஆரம்பிங்க.

க்ராஷ் விஷயம் தனி. எல்லாம் ஒரே நேரத்துல டைம்அவுட் ஆகறதால மேல சென்னை வாசகிக்குச் சொன்ன அதே மோதல்தான் உங்களுக்குத் தானாவே நடக்குது, கடிகாரத்தைச் சரி பண்ணினா அது மறைஞ்சுக்கும், போகாது. அதனால முதல்ல இந்த நிலைமையை அப்படியே வெச்சுட்டு சானிடைசர்ல ஓட்டி க்ராஷைப் பிடிச்சுடுங்க, கடிகாரத்தை அப்புறம் மாத்துங்க.

கேள்வி: ஜீரோஎம்க்யூ ப்ரோக்ராம் மூடும்போது தொங்குது, கொன்னா வேற மாதிரி க்ராஷ் ஆகுது.

பதில்: அனுப்பாம மிச்சம் இருக்கற மெசேஜுக்காக அது காத்துட்டு இருக்கு, லிங்கர் ஆப்ஷனை மாத்தாம விட்டா முடிவில்லாமக் காத்திருக்கும். மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் லிங்கரை பூஜ்ஜியம் இல்லைன்னா 1000 மில்லிசெகண்டுன்னு வெச்சு, எந்த த்ரெட்ல சாக்கெட் இருக்கோ அந்த த்ரெட்லயே க்ளோஸ் பண்ணி, கடைசியா கான்டெக்ஸ்ட்டை டெர்மினேட் பண்ணுங்க. கான்டெக்ஸ்ட்டை குளோபல் வேரியபிளா வெச்சிருந்தா மெயின் ஃபங்ஷனுக்குள்ள கொண்டு வந்துடுங்க. அதுக்கு அப்புறமும் க்ராஷ் ஆச்சுன்னா கோர் ஃபைலை (க்ராஷ் ஆன நேரத்து மெமரியோட நகல்) ஜிடிபில திறந்து எல்லா த்ரெட்டோட பேக்ட்ரேஸையும் (அந்த ஸ்டேக் பட்டியல்) எடுத்து அனுப்புங்க, க்ராஷ் ஆன த்ரெட் மட்டும் போதாது, அந்த நேரத்துல ஐஓ த்ரெட் எங்க நின்னுட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்.